தண்ணி எடுக்காமயே தண்ணிய பத்தி எத்தன ரிவியூ

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க. தர்மபுரி நாலு ரோடு பக்கம் 20 வருஷத்துக்கு மேல டிடிபி கடை வெச்சிருக்கேன். படிச்சது எம்.எஸ்சி. புள்ளியியல், அதனால மெடிக்கல் பிஜி படிக்கற பசங்க தீசிஸ் டைப் பண்ண, பைண்டிங் போட மட்டுமில்லாம கணக்கு போட்டு வாங்கவும் நம்ம கடைக்கு வருவாங்க, பல ஊர் காலேஜ்ல இருந்து.

முன்னெல்லாம் ஒரு பையன் வந்தா மொதல்ல 200 செட்டு ப்ரொஃபார்மா, அதாவது பேஷண்ட் விவரம் எழுதற படிவம், ஜெராக்ஸ் கேப்பான். அதே பேப்பரு ஆறு மாசம் கழிச்சு டீ கறையோட, ஓபில நின்னுகிட்டே எழுதுன கோழிக்கிறுக்கலோட திரும்பி வரும், பேஷண்ட் வயசு, ஊரு, ரத்த அளவு எல்லாம் ஒவ்வொண்ணா எக்செல்ல ஏத்துவோம். இப்ப நெறைய பேர் பென்டிரைவ்ல கட்டம் போட்ட ஒரு படம்தான் கொண்டு வர்றாங்க. மேல் கட்டத்துல 1,400 கட்டுரை, டூப்ளிகேட் போக இவ்ளோ, தலைப்பு பாத்து தள்ளுனது இவ்ளோ, கடைசி கட்டத்துல 9. சிஸ்டமேடிக் ரிவியூ, மெட்டா அனாலிசிஸ், அதாவது புதுசா பேஷண்ட் யாரையும் பாக்காம, ஏற்கெனவே வந்த கட்டுரைகள தேடி எடுத்து அலசறது, அதுல இருக்கற கணக்க ஒண்ணா கூட்டிப் பாக்கறது. போன வருஷம் ஒரே மாசத்துல ரெண்டு பேர் வந்தாங்க, வேற வேற காலேஜ், தலைப்பு ஒண்ணு, 9 கட்டுரையில 7 அதேதான். இங்கிலாந்து யார்க் யுனிவர்சிட்டி 2011ல இருந்து ப்ராஸ்பெரோன்னு ஒரு பதிவேடு நடத்துது, யார் எந்த ரிவியூ பண்ணப்போறாங்கன்னு அதுல முன்கூட்டியே பதியலாம். ரெண்டு பேரும் அத தொறந்துகூட பாக்கல.

பசங்கள குத்தம் சொல்லலீங்க. பேராசிரியர் ப்ரமோஷனுக்கு ஆய்வுக் கட்டுரை கேக்கறாங்க, என்எம்சி, அதான் தேசிய மருத்துவ ஆணையம், 2022ல போட்ட விதியிலயே ஒரிஜினல் ஆய்வோட மெட்டா அனாலிசிஸையும் சிஸ்டமேடிக் ரிவியூவையும் கணக்குல சேத்துட்டாங்க. ஊரூரா போயி ரத்தம் எடுக்கறத விட லேப்டாப் முன்னாடி உக்காந்து பண்றதுக்கு செலவு கம்மி, அவ்ளோதான். உலகம் பூரா இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோன்னிடிஸ் 2016ல எழுதுனாரு, 1991ல இருந்து 2014க்குள்ள மெடிக்கல் கட்டுரைகளோட பட்டியலான பப்மெட்ல வருஷத்துக்கு வர்ற மொத்த கட்டுரை 153 சதவீதம் கூடியிருக்கு, மெட்டா அனாலிசிஸ் மட்டும் 2,635 சதவீதம்னு. அதுல பெரும்பகுதி தேவையில்லாததாவோ தப்பா வழிகாட்டறதாவோ இருக்கலாம்னும் அவரே சொல்றாரு.

கூட்டிப் பாக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரல. குறைமாசத்துல பொறக்கப்போற குழந்தைக்காக தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடறாங்களே, அதுக்கு மொதல் ஆய்வு 1972லயே வந்துடுச்சு, சின்ன சின்னதா வந்த ஆய்வுகள ஒண்ணா கூட்டி 1989ல காட்டுன பிறகுதான் அதோட பலம் வெளிச்சமாச்சு. இப்படி ஆய்வுகள கூட்டிப் பாக்கறதுக்குன்னே இருக்கற காக்ரேன் அமைப்போட முத்திரையே அந்தக் கணக்கு படம்தான். அவங்க சுருக்கங்கள தமிழ்லயும் போடறாங்க, நம்ம வேலூர் சிஎம்சில இருந்து இந்த வேலைய எடுத்து செஞ்சவங்க இருக்காங்க, எனக்கு அதுல பெருமைதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2025 ஜனவரில ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்கற அமெரிக்க குழந்தை மருத்துவ இதழ்ல ஃப்ளோரைடு, குழந்தைங்க ஐக்யூ பத்தி ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு. நியூஸ் பேப்பர்ல "ஃப்ளோரைடு தண்ணி குடிச்சா புத்தி மந்தமாகும், ஆய்வில் தகவல்"னு போட்டுட்டாங்க. அன்னிக்கு கடைக்கு வந்த பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருத்தங்க அத காட்டி, பக்கத்துல நின்ன மகன் பல்ல தொட்டு, பழுப்பு கோடு கோடா இருக்கு, "இவனுக்கும் அப்படி ஆயிடுமா சார்"னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? அந்த ஆய்வுல சேத்தது 74, அதுல 45 சீனாவுல நடந்தது, 52 தரத்துல சந்தேகத்துக்கு இடமுள்ளதுன்னு எழுதுனவங்களே தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. தண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா என்ன ஆகும்னு தெளிவில்லன்னும் நேர்மையா சொல்லியிருக்காங்க. அதுல ஒண்ணுகூட செய்தில வரல.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணி குடிச்சு வளந்த புள்ளைங்க, அதுக்கு அப்புறம் பொறந்த புள்ளைங்க, ரெண்டு தலைமுறையும் இங்கயே இருக்காங்க. அந்த தண்ணி வர்ற தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இப்ப அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு. பல்ல பாத்து, தண்ணிய பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்ணி எழுதறதுக்கு இதவிட தோதான எடம் எது? அப்படி ஒரு ப்ரொஃபார்மாவோட யாராவது பிஜி பசங்க வந்தா ஜெராக்ஸுக்கும் கணக்குக்கும் நான் ஒரு பைசா வாங்க மாட்டேன்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். இனிமே "ஆய்வில் தகவல்"னு போடறப்ப எத்தன ஆய்வ கூட்டுனது, எந்த நாட்டு ஆளுங்க, எத்தன தரமானதுன்னு மூணு வரி சேத்து போடுங்க அய்யா.

டிடிபி கடைக்காரன், தர்மபுரி