ஆண்டறிக்கை 2024–25: ஃபெசன்ட் வேட்டைப் பயணமும் புல்வெளிப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் வாழும் தமிழர்களில் மீன்பிடி, வேட்டை, முகாம் என்று வெளியே கிளம்புவதில் நாட்டமுள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கையை அவையின் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. மே மாத வால்ஐ மீன்பிடித் தொடக்க நாளுக்கு வழக்கம்போல் நல்ல கூட்டம். பனிக்கட்டி மீன்பிடிப்புக்கு முன் ஏரிக்கரையில் நின்று கனத்தை அளந்து பார்த்தோம். நடந்து போகக் குறைந்தது 4 அங்குலம் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது மாநில இயற்கை வளத் துறை சொல்லும் கணக்கு. அது இல்லாத இடத்தில் ஒருவரையும் இறங்க விடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி, நவம்பரில் ஒரு தனியார் வேட்டைப் பண்ணைக்குக் குழுவாகப் போய்வந்த, ஃபெசன்ட் என்னும் நீண்ட வால் கொண்ட கோழியினப் பறவையின் வேட்டையைப் பற்றியது. போகலாமா வேண்டாமா என்று சங்கத்தில் நீண்ட விவாதம் நடந்ததால், நடந்ததை விவரமாகப் பதிவு செய்வது என் கடமை.

முதலில், பொது நிலத்தை விட்டு ஏன் தனியார் வேட்டைப் பண்ணை? மினசோட்டாவில் காட்டு ஃபெசன்ட் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கிறது. சேவலை மட்டுமே சுடலாம். நவம்பர் முடியும் வரை நாளுக்கு இரண்டு, டிசம்பர் பிறந்தால் மூன்று. பொது நிலத்தில் பகல் முழுக்க நடந்தும் ஒரு சேவலின் கூவல்கூடக் கேட்காமல் திரும்பும் நாட்கள் உண்டு. பழகியவர்களுக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் நம் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இதுவரை பறக்கும் பறவையைக் குறிவைத்ததே இல்லை. எழும் பறவையைப் பார்த்ததும் கை பதறும். அந்தப் பதற்றம் தெளிய நாலைந்து வாய்ப்பாவது வேண்டும். பண்ணையில் காலையிலேயே பறவைகளைப் புல்லில் விட்டுவைப்பார்கள், கூடவே வழிகாட்டியும் பழக்கப்பட்ட நாய்களும் இருக்கும். புதியவர்கள் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்பதே செயற்குழுவின் முடிவு. அந்த முடிவு சரிதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு சட்ட விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தோம். ஹெச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். நண்பரிடம் ஐந்து நிமிடம் இரவல் வாங்கினாலும் அப்படித்தான். இதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். எனவே பண்ணையில் கேட்பார்களா மாட்டார்களா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், விசா, பச்சை அட்டை, குடியுரிமை என்ற பேதம் பார்க்காமல் எல்லோரும் மாநில லைசென்ஸ் வாங்கிய பிறகே பெயரைப் பட்டியலில் சேர்த்தோம். 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் லைசென்ஸ் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்த வயதினர் என்பதால், கோடையிலேயே அந்தப் படிப்பை முடிக்கச் சொல்லிவிட்டோம். குடும்பத்தை இந்த நாட்டில் ஊன்றிவிட்ட ஒருவர் ஒரு வார இறுதி ஆசைக்காக விசா சிக்கலில் மாட்டக்கூடாது. இனி வரும் செயற்குழுக்களும் இந்த விதியைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் களிமண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தோம். தட்டு எழும்பும்போது வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் செல்லும். ஃபெசன்ட் அதற்கு நேர்மாறு, எழுந்த பிறகுதான் வேகம் கூட்டும். ஆகவே பெரும்பாலான புதியவர்கள் பறவைக்குப் பின்னால், அந்த நீண்ட வாலைப் பார்த்துச் சுட்டுவிடுகிறார்கள். கழுத்தில் இருக்கும் வெள்ளை வளையத்தைப் பார், அதற்கு முன்னால் துப்பாக்கி நகரட்டும் என்று மூத்த உறுப்பினர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது களத்தில் பலன் கொடுத்தது.

பண்ணை தென்மேற்கு மினசோட்டாவின் சமவெளியில் இருக்கிறது. அறுவடை முடிந்த சோள வயல்கள், நடுவே வெட்டாமல் விட்ட மக்காச்சோள வரிசைகள், சோளத்தட்டைப் பட்டைகள், ஆளுயரத்துக்குச் சிவந்து காய்ந்த பிக் புளூஸ்டெம் புல், ஓர் ஓரத்தில் சம்பு மண்டிய சதுப்பு. அதிகாலைக் குளிரில் எல்லாவற்றின் மேலும் உறைபனி பூத்திருந்தது. வழிகாட்டி முதலில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி விதிகளைச் சொன்னார். இடுப்புக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு உடை. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். தாழப் பறப்பதை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதன் கீழே நாய் ஓடிக்கொண்டிருக்கும், எதிரே ஆள் நின்றுகொண்டிருப்பார். வரிசை கலையக்கூடாது. வேலி தாண்டும்போதும் வண்டியருகே வரும்போதும் தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியைத் திறந்து வைக்க வேண்டும்.

ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும் பறவை. ஆள் வரும் சத்தம் கேட்டதும் வரிசைகளுக்கு இடையே தலையைத் தாழ்த்திக்கொண்டு கடைசி வரை ஓடி, மறுமுனையில் எழுந்து போய்விடும். அதனால்தான் இந்த வேட்டைக்குக் குழு வேண்டியிருக்கிறது. பாதிப்பேர் ஒரு முனையிலிருந்து வரிசையாகக் கலைத்துக்கொண்டு நடக்க வேண்டும், மீதிப்பேர் மறுமுனையில் சத்தம் போடாமல் மறித்து நிற்க வேண்டும். நடக்கிறவர்கள் அவ்வப்போது நின்று நின்று போக வேண்டும். அந்த நிசப்தம் பதுங்கியிருக்கும் சேவலுக்குப் பொறுக்காது, விருட்டென்று எழுந்துவிடும். கடைசி இருபது முப்பது அடியில்தான் பறவைகள் நெருக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஆட்கள் எதிரெதிரே மிக அருகில் வருவதும் அப்போதுதான். எனவே மிகப் பெரிய சுவாரசியமும் மிகப் பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அந்த இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. இரண்டாவது சுற்றின் முடிவில், வரிசையில் நடந்த உறுப்பினர் ஒருவர் பக்கவாட்டில் தாழப் போன சேவலைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பினார். குழல் மறித்து நின்றவர்கள் பக்கம் போவதற்குள் வழிகாட்டி குரல் கொடுத்தார், அவரும் உடனே நிறுத்திவிட்டார். சுடவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அவரே தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, மதியம் வரை நாய்களோடு வெறுங்கையாக நடந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. தானாக எடுத்த அந்த முடிவுக்காக அவரை இந்த அவையில் பெயர் சொல்லாமல் பாராட்டுகிறேன். அடுத்த முறையிலிருந்து முதல் தடவை வருகிறவர்கள் முதல் சுற்றில் துப்பாக்கி இல்லாமல் நடந்து பார்த்துவிட்டு, பிறகு எடுக்கட்டும் என்பது என் பரிந்துரை.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லேப்ரடார்கள் புல்லைக் கிழித்துக்கொண்டு போய்ப் பறவையைக் கிளப்பின. ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயின்டர் ஒன்று மோப்பம் பிடித்த இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றது, நாம் பக்கத்தில் போய்ச் சேரும் வரை அசையவே இல்லை. சிறகு ஒடிந்து விழுந்த சேவல் தரையில் ஓடி மறைந்துவிடும், மனிதக் கண்ணுக்கு அகப்படாது. அடிபட்ட பறவையைப் புல்லில் தவிக்க விட்டுவிட்டு வருவதைப்போல் வேட்டைக்காரனுக்கு இழுக்கு வேறில்லை. சம்புக்குள் போன ஒரு சேவலை வயதான கருப்பு லேப் ஒன்று நெடுநேரம் தேடிக் கொண்டுவந்து வழிகாட்டியின் கையில் கொடுத்தபோது, எங்கள் குழு முழுக்கக் கைதட்டியது. நல்ல நாய் இல்லாமல் ஃபெசன்ட் வேட்டைக்குப் போகவே கூடாது என்பேன்.

மாலையில் பண்ணைக் கொட்டகையில் பறவைகளைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டோம். ஈயக் குண்டுத் துணுக்குகள் கறியில் தங்கும் என்பதால், ஈயத்துக்கு அனுமதி இருந்தும் எஃகுக் குண்டுத் தோட்டாக்களையே பயன்படுத்தினோம். எஃகு எடை குறைந்தது, அதனால் இன்னும் பெரிய குண்டு வேண்டும். எண் குறைந்தால் குண்டு பெரிது. ஈயத்தில் 6-ஆம் எண் போடும் இடத்தில் எஃகில் 4-ஆம் எண் போட வேண்டும் என்பதை வாங்கும்போது மனதில் வையுங்கள். அப்புறம் சமையல். ஃபெசன்டில் கொழுப்பு மிகக் குறைவு. நெஞ்சுக்கறியை மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு நல்ல சூட்டில் சீக்கிரம் வறுத்து இறக்க வேண்டும், கொஞ்சம் அதிகம் வெந்தாலும் நார்நாராகிவிடும். காலில் குச்சிபோல் நரம்புகள் இருக்கும், அவற்றை இழுத்தெடுத்துவிட்டு மெதுவாகக் குழம்பில் வேகவிட வேண்டும். பிரியாணிக்கு நெஞ்சுக்கறி வேண்டாம், காலையும் எலும்பையும் போடுங்கள். பொங்கல் விருந்தில் பரிமாறிய மிளகுக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இதற்குச் சாட்சி.

சரி, இனி விவாதத்துக்கு வருகிறேன். கூண்டில் வளர்த்த பறவையை விட்டுச் சுடுவது வேட்டையா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பண்ணையில் பெட்டையையும் சுடலாம், பருவமும் நீளமானது, விடும் பறவைகளின் எண்ணிக்கைக்குத்தான் கட்டணம். காட்டு வேட்டையின் நிச்சயமின்மை அங்கே இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. பண்ணையைப் பயிற்சிக்களமாக வைத்துக்கொண்டால் அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் பண்ணைப் பறவைகள் தப்பித்துப்போய்க் காட்டில் பெருகும், அதனால் இயற்கைக்கும் நல்லது என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. கூண்டில் வளர்ந்தவற்றில் மிகச் சிலவே ஒரு குளிர்காலத்தைத் தாண்டும். நரிக்கும் பருந்துக்கும் பயப்பட அவற்றுக்குக் கற்றுக்கொடுத்த தாய் இல்லை.

இந்தப் பறவை இந்த மண்ணுக்கு வந்த கதையே அதைத்தான் சொல்கிறது. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1881-இல் ஓரிகானுக்கு அனுப்பிய முதல் தொகுதியில் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. 1882-இல் வந்தவைதான் வில்லமெட் பள்ளத்தாக்கில் நிலைத்தன. 1892-இல் அங்கே முதல் வேட்டைப் பருவம் திறக்கும் அளவுக்குப் பெருகின. மினசோட்டாவில் முதல் முயற்சிகள் தோற்று, 1924-இல்தான் பருவம் திறந்தது. அதுவும் இன்று நாம் கூடியிருக்கும் ஹெனபின் மாவட்டத்திலும் பக்கத்து கார்வரிலும் தொடங்கியது. விட்ட பறவைகள் நிலைத்த இடங்களிலெல்லாம் வேலியோரப் புதரும் புல்லும் சதுப்பும் இருந்தன. பறவையைக் கொண்டுவந்து விடுவது சுலபம், அதற்கு வீடு வைத்திருப்பதுதான் கடினம்.

பெட்டை வசந்தத்தில் புல்லுக்குள் தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 23 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சிகளைத் தின்றே வளர்கின்றன. ஆகஸ்டுக்கு முன் புல்லறுக்கும் இயந்திரம் போனால் கூடு போச்சு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் சேவல்களைச் சுடுவதால் இனம் குறையாது, புல் குறைந்தால் கட்டாயம் குறையும். 1985 வேளாண் சட்டத்தில் வந்த நிலச் சேமிப்புத் திட்டம் உழவர்களுக்கு வாடகை கொடுத்து உழாமல் புல் வளர்க்க வைத்தது. 2007-இல் நாடு முழுவதும் சுமார் 3.68 கோடி ஏக்கர் அதில் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் உழவுக்குத் திரும்பின, ஃபெசன்டும் அதோடு குறைந்தது.

நாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே இதற்குப் போகிறது. 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீண்ட குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி வாழிடப் பணிக்குப் போகிறது. 2008-இல் மினசோட்டா வாக்காளர்கள் விற்பனை வரியை 3/8 விழுக்காடு கூட்டி, நிலத்துக்கும் நீருக்கும் கலைக்கும் ஒதுக்கினார்கள். அது 2034 வரை. பொது நிலத்தில் நடக்கும்போது இவையெல்லாம் கால்கீழே தெரியும். ஆனால் அது போதாது. 1982-இல் செயின்ட் பாலில் தொடங்கிய, ஃபெசன்டின் வாழிடத்தைக் காக்கும் ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் அமைப்பு, கிளைகள் திரட்டும் பணத்தை எங்கே செலவிடுவது என்ற முடிவை அந்தக் கிளைகளிடமே விடுகிறது. அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வசந்தத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் மாநில வனவிலங்கு நிலம் ஒன்றில் தன்னார்வலர்களாகப் போய், நாட்டுப் புல் விதை தூவுவதிலும் புல்வெளியை ஆக்கிரமித்த மரக்கன்றுகளை வெட்டுவதிலும் கைகொடுத்தார்கள். வேட்டைக்கு வராத குடும்பங்களும், சைவ உணவுக்காரர்களும் அதற்கு வந்தார்கள். எனக்கு இந்த ஆண்டு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அதுதான்.

ஆகவே அவையின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். பண்ணைப் பயணம் ஆண்டுக்கு ஒருமுறை, புதியவர்களுக்கு முன்னுரிமையோடு தொடரட்டும். அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் வசந்தத்தில் ஒரு நாளாவது புல்வெளிப் பணிக்கு வர ஒப்புக்கொள்ளட்டும், நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு விதைப்பை நிரப்பும் வேலை இருக்கிறது. பயணக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, நம் பகுதியில் வாழிடப் பணி செய்யும் ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் கிளைக்கு அனுப்பலாம். தொகையை அவையே முடிவு செய்யட்டும்.

பயணத்துக்கு வண்டி கொடுத்தவர்கள், விடியற்காலையில் எழுந்து இட்லியும் காபியும் கட்டிக்கொடுத்த குடும்பத்தினர், துப்பாக்கிப் பயிற்சியைப் பொறுமையாக நடத்திய மூத்த உறுப்பினர்கள், பண்ணையின் வழிகாட்டிகள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையையும் தீர்மானங்களையும் அவையின் ஒப்புதலுக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்