மூன்று முறை உலக சாம்பியனுக்கு மூன்று வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாரிஸில் உலக பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் முடிந்த மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை ஆவலோடு பிரித்தேன். ஆண்கள் இரட்டையரில் நம் சாத்விக் - சிராக் ஜோடி வெண்கலம் வென்ற செய்தி படத்தோடு பெரிதாக வந்திருந்தது. சந்தோஷம். அது அவர்களுக்குச் சேர வேண்டிய இடம்தான். பெண்கள் ஒற்றையர் முடிவு எங்கே என்று தேடினால், பக்கத்தின் அடியில் மூன்று வரி. டோக்கியோ ஒலிம்பிக்கில் சிந்துவிடம் தோற்ற ஜப்பானின் யமகுச்சி, சீனாவின் சென் யூ ஃபெய்யை 21-9, 21-13 என்ற கணக்கில் வீழ்த்தி சாம்பியன் ஆனார் என்று போட்டிருந்தீர்கள்.

படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அகானே யமகுச்சி அன்று வாங்கியது அவருடைய மூன்றாவது உலகப் பட்டம். பெண்கள் ஒற்றையரில் அதற்கு முன் மூன்று பட்டம் வென்றவர் ஸ்பெயினின் கரோலினா மரின் ஒருவர்தான். அப்படிப்பட்ட ஒருவரை, நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தோல்வியைச் சொல்லித்தான் வாசகர்களுக்கு அடையாளம் காட்ட வேண்டுமா? நானும் சிந்துவின் ரசிகைதான். 2021 ஜூலை 30 அன்று டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டியவள்தான். ஆனால் எதிர்ப்பக்கம் நின்றவர் யார் என்று தெரிந்தால்தான் சிந்துவின் வெற்றி எவ்வளவு பெரியது என்பதும் புரியும்.

ஜப்பானில் ஃபுகுய் மாகாணத்தில் கட்சுயாமா என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும் மலைப்பக்கத்து ஊர். டைனோசர் எலும்புகள் கிடைத்த இடம் என்பதால் அங்கே பெரிய அருங்காட்சியகமே இருக்கிறது. 1997 ஜூன் 6 அன்று யமகுச்சி பிறந்தது அந்த ஊரில்தான். 15 வயதில், 2012-ல், சீபாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் இறுதிவரை வந்துவிட்டார். அங்கே அவரைத் தோற்கடித்தவர் தன்னைவிட இரண்டு வயது மூத்த நொசோமி ஒகுஹாரா. இந்தப் பெயரை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. 2017-ல் கிளாஸ்கோவில் சிந்துவோடு 110 நிமிடம் மல்லுக்கட்டி உலகப் பட்டம் வென்றாரே, அவரேதான்.

அடுத்த வருடம், 2013 செப்டம்பர். ஜப்பான் ஓபன். யமகுச்சிக்கு 16 வயது, நம் கணக்கில் பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஜப்பான் ஓபன் தொடங்கியது 1982-ல். அதுவரை பெண்கள் ஒற்றையரில் சொந்த நாட்டுப் பெண் ஒருவர்கூட அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. யமகுச்சி தொட்டார். அப்போது உலகின் முன்னணி ஓபன் போட்டிகளைச் சேர்த்து சூப்பர் சீரிஸ் என்பார்கள். அந்தப் போட்டிகளில் அத்தனை சின்ன வயதில் அதற்கு முன் யாரும் பட்டம் வென்றதில்லை. அதே ஆண்டு பாங்காக்கிலும் அடுத்த ஆண்டு மலேசியாவின் அலோர் ஸ்டாரிலும் உலக ஜூனியர் பட்டம். இவ்வளவும் பள்ளிச் சீருடை போட்ட காலத்தில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் பாட்மிண்டனில் தேறும் பிள்ளைகள் பலர் ஊரை விட்டு, பேர்பெற்ற பள்ளிகளைத் தேடிப் போய்விடுவார்கள். ஆண்கள் ஒற்றையரில் உலக சாம்பியனான கென்டோ மொமோட்டா ககாவாவில் பிறந்து ஃபுகுஷிமாவில் போய்ப் படித்தவர். ஒகுஹாரா நாகானோவிலிருந்து சைதாமாவுக்குப் போனவர். அது தப்பில்லை, அதில்தான் அவர்கள் வளர்ந்தார்கள். யமகுச்சி மட்டும் கட்சுயாமா உயர்நிலைப் பள்ளியிலேயே, சொந்த ஊரிலேயே, 2016-ல் படிப்பை முடிக்கும்வரை இருந்தார். சூப்பர் சீரிஸ் பட்டமும் இரண்டு உலக ஜூனியர் பட்டமும் கையில் இருக்க, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய் வந்த பெண் அவர். விளையாட்டு என்றாலே பிள்ளையைச் சின்ன வயதிலேயே விடுதியில் சேர்த்தால்தான் ஆச்சு என்று நினைக்கிற பெற்றோருக்கு இந்த ஒரு தகவலே போதும். எனக்குப் போதுமாக இருந்தது.

பள்ளி முடிந்ததும் குமமோத்தோவில் உள்ள சாய்ஷுன்கான் என்ற மருந்து, அழகுப்பொருள் நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். நம் ஊரில் ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதைப் போல, அங்கே கம்பெனிகள் அணி வைத்திருக்கின்றன.

அப்புறம் ரியோ, 2016. 19 வயதில் முதல் ஒலிம்பிக். காலிறுதியில் எதிரே வந்தவர் மறுபடியும் ஒகுஹாரா! மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவருக்கே வெற்றி. முதல் ஆட்டத்தை 21-11 என்று எளிதாக எடுத்தார் யமகுச்சி. அடுத்த இரண்டையும் விட்டார். ஒகுஹாரா வெண்கலத்தோடு திரும்பினார். ஒரே நாட்டுப் பெண்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் மேலே போக வழி என்று அட்டவணை எழுதிவிட்டால் யாரைக் குறை சொல்வது? எனக்கு இன்றுவரை அந்தக் காலிறுதிதான் மனதில் உறுத்துகிறது.

2018 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் முதலிடம். ஜப்பான் பெண் ஒருவர் ஒற்றையரில் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் 37 வருடம் கழித்து ஜப்பான் பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான ஊபர் கோப்பையை வென்றபோது, முதல் ஒற்றையர் ஆடியவரும் அவர்தான். சிந்துவோடு அவர் ஆடிய ஆட்டங்களை எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கணக்கு உண்டு. 2017 டிசம்பரில் துபாயில் நடந்த சூப்பர் சீரிஸ் இறுதியில் முதல் ஆட்டத்தைத் தோற்று, மூன்றாவதை 21-19 என்று பிடுங்கி வென்றார் யமகுச்சி. 2019 இந்தோனேசியா ஓபன் இறுதியிலும் அவருக்கே வெற்றி. 2018 உலகப் போட்டி அரையிறுதியிலும் டோக்கியோவிலும் சிந்து வென்றார். இரண்டு பேரும் சேர்ந்து நமக்குக் கொடுத்த ஆட்டங்கள் இவை. நம் பத்திரிகைகளில் பாதிதான் நினைவில் நிற்கிறது.

டோக்கியோவுக்கே வருகிறேன். சொந்த நாட்டில் ஒலிம்பிக். கொரோனாவால் அரங்கத்தில் ரசிகர்கள் கிடையாது. சிந்துவோடு காலிறுதி. முதல் ஆட்டம் போய்விட்டது. இரண்டாவது ஆட்டத்தில் பின்தங்கியிருந்த யமகுச்சி ஒவ்வொரு புள்ளியாக ஏறி வந்து 20-18 என்று முன்னால் போனார். இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் மூன்றாவது ஆட்டம். சிந்து அடுத்தடுத்து நான்கு புள்ளி எடுத்தார். முடிந்தது. அதே நாளில் ஒகுஹாராவும் வெளியேறினார். அந்த மௌனமான அரங்கத்திலிருந்து வெளியே வந்த யமகுச்சி அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் உங்கள் மூன்று வரி விட்டுவிட்டது. ஐந்தே மாதத்தில், டிசம்பரில், ஸ்பெயினின் ஹுயெல்வாவில் தைவானின் தை சூ யிங்கை 21-14, 21-11 என்று வென்று உலக சாம்பியன் ஆனார். 2022 மார்ச்சில், பாட்மிண்டனின் மிகப் பழைய போட்டியான ஆல் இங்கிலாந்து பட்டம். ஆகஸ்டில் உலகப் போட்டி முதல் முறையாக ஜப்பானுக்கு வந்தது, அதுவும் டோக்கியோவுக்கே. இந்த முறை கூட்டம் இருந்தது. இறுதியில், முந்தைய வருடம் அதே ஊரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய சென் யூ ஃபெய்யை மூன்று ஆட்டங்களில் வென்றார். அதே கையோடு மறுவாரம் ஒசாகாவில் ஜப்பான் ஓபன் பட்டமும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் காலிறுதி. பிறகு தங்கம் வென்ற கொரியாவின் அன் சே யங்கிடம், முதல் ஆட்டத்தை எடுத்துவிட்டுத் தோற்றார். மூன்று ஒலிம்பிக், மூன்று காலிறுதி, பதக்கம் இல்லை. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 31 அன்று அவர் மூன்றாவது உலகப் பட்டம் வென்ற அரங்கம் எது தெரியுமா? முந்தைய வருடம் அந்த ஒலிம்பிக் காலிறுதியில் தோற்ற அதே அரங்கம், பாரிஸின் போர்ட் த லா ஷப்பல்! சிந்துவைக் காலிறுதியில் வென்ற இந்தோனேசியாவின் புத்ரி குசுமா வர்தானியை அரையிறுதியில் வெளியேற்றியவரும் அவர்தான். ஒரு மாதத்துக்குள் கொரியாவுக்கே போய், அன் சே யங்கை அவர் சொந்த மண்ணில் நேர் ஆட்டங்களில் வென்று கொரியா ஓபனையும் எடுத்துவந்தார்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் என் மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், ஷட்டில் என்றால் உயிர். சென்ற கோடைப் பயிற்சி முகாமில் ஒரு பயிற்சியாளர், “உயரம் பத்தாதும்மா, டபுள்ஸ் பக்கம் வேணா பார்க்கலாம்” என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் ராக்கெட்டைத் தொடவில்லை. யமகுச்சியின் உயரம் 156 சென்டிமீட்டர். சிந்து 179. மகளுக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்லி, இருவரும் ஆடிய பழைய ஆட்டங்களை யூடியூபில் போட்டுக் காட்டினேன்.

ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். எட்டாத உயரத்துக்கு யமகுச்சி காலால் ஈடு கட்டுகிறார். இறகுப்பந்து தன்னைத் தாண்டுவதற்குள் பின்கோட்டுக்குப் போய்விடுகிறார். இடது மூலைக்கு வருகிற பந்தை முடிந்தவரை பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கமாக, எடுப்பதில்லை. உடம்பை வளைத்து தலைக்கு மேலாக ஃபோர்ஹேண்டில் அடிக்கிறார். எழும்பி அடிக்கிற ஸ்மாஷ், அது திரும்பி வருவதற்குள் நெட்டுக்கு ஓட்டம். எட்டாததற்குத் தரையில் பாய்ந்து விழுகிறார், எழுந்து அடுத்ததையும் எடுக்கிறார். புள்ளி போனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. என் மகளுக்குப் பிடித்தது அந்தச் சிரிப்புதான்.

ஆசிரியரே, நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டு வீராங்கனைகளைப் பற்றி எழுதும்போது அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று இரண்டு பத்தி சேருங்கள். 2024 ஸ்விஸ் ஓபனில் சிந்துவை வென்ற ஜப்பானின் தொமோகா மியாசாகி அப்போது 17 வயதுப் பெண். 2022-லேயே உலக ஜூனியர் பட்டம் வென்றவர். நம் பத்திரிகைகளில் அவரும் ‘சிந்துவுக்கு அதிர்ச்சி கொடுத்தவர்’ என்றுதான் வந்தார். பெயர் கடைசி வரியில் இருந்தது.

மகள் ஒரு நோட்டில் விளையாட்டுச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைக்கிறாள். செப்டம்பர் 1-ஆம் தேதிப் பக்கத்தில் உங்கள் மூன்று வரியை ஒட்டிவிட்டு, கீழே மீதி இடத்தில் கட்சுயாமா, 156 செ.மீ., 2021, 2022, 2025 என்று பென்சிலால் அவளே எழுதியிருக்கிறாள். அடுத்த முறை அவள் எழுத வேண்டியிராதபடி நீங்களே போடுங்கள். முடிந்தால் படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி