நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிதிவண்டியில் செல்பவர் மீதோ நடந்து செல்பவர் மீதோ மோட்டார் வாகனம் மோதினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை இழப்பீட்டுப் பொறுப்பு வாகனத் தரப்பைச் சேர்ந்ததே என்று கொள்ளும் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், குற்றம் நிரூபணமாகும் வரை எவரும் நிரபராதியே என்ற நெறிக்கு அது முரணானது என்ற மறுப்பும் கூடவே எழுகிறது. இந்த மறுப்பு இரு வேறு வழக்குகளை ஒன்றாகக் குழப்புகிறது. ஓட்டுநருக்குத் தண்டனை உண்டா என்பதைத் தீர்மானிப்பது குற்றவியல் நீதிமன்றம். அங்கே குற்றத்தை நிரூபிக்கும் கடமை முன்போலவே அரசுத் தரப்புக்குத்தான். மருத்துவச் செலவையும் இழந்த வருமானத்தையும் யார் ஈடுசெய்வது என்ற உரிமையியல் வழக்கில் மட்டுமே நிலைமை மாறுகிறது.

அந்த மாற்றம் ஏன் தேவை? கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை அடிபட்டவர் மீது இருக்கும்போது, தூக்கி எறியப்பட்டு நினைவிழந்து கிடப்பவரிடம்தான் சாட்சிகளும் தடயங்களும் கேட்கப்படுகின்றன. தலைக்காயம் பட்ட பலருக்கு மோதிய கணமே நினைவில் இருப்பதில்லை. இறந்தவருக்காக வழக்காடும் குடும்பத்தினரோ பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். வாகனத்தின் வேகமும் பிரேக் பிடித்த தருணமும், கேமரா இருந்தால் அதன் பதிவும், காயமின்றி இறங்கி நிற்கும் ஓட்டுநரின் கையில் இருக்கின்றன. நடந்ததை அறியும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவரே விளக்கம் தரட்டும் என்பதை அநீதி என்று என்னால் கருத முடியவில்லை.

இது சோதித்துப் பார்க்கப்படாத கற்பனையும் அன்று. ஜப்பானின் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாம் கவனமாக இருந்ததையும், பாதிக்கப்பட்டவர் அல்லது வேறொருவர் தவறு செய்ததையும், வாகனத்தில் குறைபாடு இல்லை என்பதையும் வாகனத் தரப்பே நிரூபித்தாக வேண்டும். பிரான்சில் 1985 ஜூலை 5ஆம் தேதியிட்ட, அன்றைய நீதி அமைச்சர் ராபர்ட் பதந்தேரின் பெயரால் வழங்கும் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உடற்காயம் அடைந்த பாதசாரியின் தவறு மன்னிக்கவே முடியாததாகவும் விபத்துக்கு அதுவே ஒரே காரணமாகவும் இருந்தாலன்றி, அவருக்கு இழப்பீட்டை மறுக்க இயலாது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கும் 70 வயதைக் கடந்தோருக்கும் அந்த விலக்குக்கூடப் பொருந்தாது. நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் அதையொட்டிய தீர்ப்புகளும் 14 வயதுக்கு உட்பட்டவருக்கு, அவர் வேண்டுமென்றே செய்ததோ அதற்கு ஒப்பான பொறுப்பற்ற செயலோ இல்லாதவரை, முழு இழப்பீடு அளிக்கின்றன. அதற்கு மேற்பட்ட வயதினர் தவறு செய்திருந்தாலும், விபத்து தம்மால் தவிர்க்கவே இயலாதது என்று வாகனத் தரப்பு காட்டாவிட்டால், பொதுவாகப் பாதியேனும் கிடைக்கும். பந்தைத் துரத்தி ஓடும் பிள்ளையிடம் பெரியவரின் விவேகத்தைச் சட்டம் எதிர்பார்க்கக் கூடாது என்பதால், இந்த வயது வரம்பையே நான் இவற்றுள் மிகவும் மதிக்கிறேன்.

இத்தகைய சட்டத்தாலேயே சாலைகள் பாதுகாப்பாகிவிடும் என்று ஆதரவாளர்களில் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தின் பாதுகாப்பில் தனி மிதிவண்டிப் பாதைகளுக்கும் குடியிருப்புத் தெருக்களின் 30 கிலோமீட்டர் வேக வரம்புக்கும் பெரும் பங்கு உண்டு. சட்டத்தின் வேலை, விபத்துக்குப் பின் அடிபட்டவரைக் கைவிடாமல் இருப்பது.

மிதிவண்டி பாதசாரி மீது மோதினால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆபத்தைச் சாலைக்குக் கொண்டுவருபவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை, முதியவர் ஒருவரை இடித்துத் தள்ளும் மிதிவண்டி ஓட்டுநரையும் விட்டுவிடாது. ஆனால் மோட்டார் வாகனத்துக்குக் கட்டாயக் காப்பீடு இருப்பதால் இழப்பீட்டுச் சுமை பல்லாயிரம் பேரிடையே பகிரப்படுகிறது. மிதிவண்டிக்கு அந்த ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. ஆகவே, இச்சட்டத்தை வரைவோர் மிதிவண்டி மோதிக் காயமடையும் பாதசாரிக்கென ஒரு பொது இழப்பீட்டு நிதியையும் அதே சட்டத்தில் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்