படிக்கட்டில் நின்று கேட்ட சொல்

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அம்மா எழுதுவது. புனேயில் குளிர் விட்டுவிட்டது என்று போன வாரம் சொன்னாய். இங்கே மாசி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதைப் போனில் பேசியிருக்கலாம். பேசினால் பாதியிலேயே எனக்குக் குரல் கம்மிவிடும், நீயும் "சரிம்மா, விடும்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கல் ராத்திரி மொட்டை மாடியில் நீயும் உன் தங்கச்சி பாப்பாவும் போட்ட சண்டையைப் பற்றித்தான். 'வெண்பா' என்ற வீடியோ விளையாட்டுக்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்ததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ, "அது கேமே இல்ல. ஒன்றரை மணி நேரச் சமையல். டைவர்சிட்டி கோட்டாவுல குடுத்தது" என்றாய். காய்ந்த துணியை எடுக்க வந்த நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். பாப்பா பதில் பேசாமல் கீழே இறங்கிப் போனாள். நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் பண்ணி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, 1989இல் வேலைக்குப் போனேன். நிமிடத்துக்கு 45 சொல் பிழையில்லாமல் அடிப்பேன். சேர்ந்த ஐந்தாம் மாதம், ஒரு சிக்கலான கோப்புக்கு நானே பதில் வரைவு எழுதி வைத்தேன். அதிகாரி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு, "யாரும்மா எழுதுனது?" என்று கேட்டுப் பாராட்டினார். அவர் அறைக்குள் போனதும் பக்கத்து மேஜையில் இருந்த ஒரு சீனியர், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "கோட்டாவுல வந்தவங்களுக்கு எல்லாத்துக்கும் கைதட்டுவாங்க." அந்த வரைவில் இருந்த தப்பு எது என்று அவர் காட்டவில்லை. அவர் அதைப் படிக்கவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம், ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் மேலே அனுப்பியதில்லை. சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸை எத்தனை நாள் விட்டிருக்கிறேன் என்று உன் அப்பாவைக் கேள்.

அந்தச் சொல்லைத்தான் நம் வீட்டு மாடியில், என் பிள்ளையின் வாயால் கேட்டேன்.

நீ விளையாடுவதை நான் அறியாதவள் இல்லை. 2020 ஜூனில் ஊரடங்கு, ஹாலில் டிவியை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ ஆடியது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம். முதல் பாகம் முழுக்க நீயாகவே இருந்த ஜோயலை அந்த ஆபி என்ற பெண் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொன்றாள். நீ கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாய். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு கதை அதே ஆபியை உன் கையில் கொடுத்தது. முன்னே ஜோயல் கொன்ற மருத்துவரின் மகள் அவள் என்று அப்போது தெரிந்தது. "பிடிக்காதவள என்னையே ஓட்ட வைக்கிறாங்கம்மா, இது அநியாயம்" என்றாய். நான் கீரையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உன் கோபம் எனக்கு மதிப்பானது. கதையோடு மல்லுக்கு நின்ற ரசிகனின் கோபம் அது.

வெளியே நடந்தது வேறு. முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் விளையாட்டுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே, மதிப்பெண் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது. அதன் பிறகுதான் வெளியான 36 மணி நேரத்துக்கு விளையாடுபவர்கள் மதிப்பெண் போட முடியாது என்று அவர்கள் விதியையே மாற்றினார்கள். ஆபியின் கை கால் தசையைப் பார்த்து, பெண்ணுக்கு இப்படி உடம்பு இருக்குமா, இவள் ஆணாகப் பிறந்தவள்தான் என்று கிளப்பிவிட்டார்கள். அந்த உடலுக்கு மாதிரியாக நின்றவர் கிராஸ்ஃபிட் என்ற கடும் உடற்பயிற்சிப் போட்டியின் வீராங்கனை. ஆபிக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது. எழுதியவர் எழுதிய கொலைக்கு, நடித்தவரைக் கொல்லுவேன் என்கிறார்கள். நீ அதைச் செய்யவில்லை, தெரியும். "இதெல்லாம் அரசியலைத் திணிச்சதால வந்த வினை" என்று அன்றைக்கு நீ சொன்னது மட்டும் என் மனசில் கிடக்கிறது.

அந்த டிசம்பரில், வீடியோ விளையாட்டுகளுக்கான கேம் அவார்ட்ஸ் விழாவில் அதற்கு ஏழு விருது. லாரா பெய்லிக்கும் நடிப்புக்கான விருது. ஜூரி வாக்குக்கு 90 சதவீதம், மக்கள் வாக்குக்குப் 10 சதவீதம்தான் என்று நீ எனக்கு விளக்கினாய். முழுக்க மக்களே வாக்களிக்கும் விருது 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற வேறொரு விளையாட்டுக்குப் போனதைக் காட்டி, "பார்த்தியா, ஜனம் ஒண்ணு நினைக்குது, ஜூரி ஒண்ணு நினைக்குது" என்றாய். அதில் நியாயம் உண்டு. அந்த இடைவெளியைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதே விழாவில், புதுமுக விளையாட்டுகளின் பட்டியலில், நீ இப்போது இருக்கும் அதே புனேயில் உருவான 'ராஜி' இடம்பிடித்தது. நம் நாட்டுக் கோயிலும் துர்கையும் வரும் கதை. நீ என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ராஜியையும் பட்டியலில் சேர்த்தது ஒரு ஜூரிதானே தம்பி. அன்றைக்கு உனக்குக் கோட்டா ஞாபகம் வரவில்லை.

உன் கோபம் போயிருக்க வேண்டிய இடம் ஒன்று அந்த வருஷமே இருந்தது. அந்த விளையாட்டை முடிக்க ஊழியர்கள் ராத்திரியும் வார இறுதியும் உழைத்து ஓய்ந்துபோனதாக 2020 மார்ச்சிலேயே செய்தி வந்துவிட்டது. ஆளைப் பிழிந்து வேலை வாங்கிய படைப்புக்குச் சிறந்த இயக்கத்துக்கான விருது தகுமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். சரியான கேள்வி. நீயும் விளையாட்டுத் துறையில்தான் வேலை பார்க்கிறாய். காலை நாலு மணிக்கு "இப்பதாம்மா ஃபைல் அனுப்பினேன்" என்று நீ மெசேஜ் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது.

எழுத்தைப் பற்றி நீ சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 'டிராகன் ஏஜ்' தொடரின் புது விளையாட்டு 2024இல் வந்தபோது, அதில் டாஷ் என்ற பாத்திரம் தன் அம்மாவிடம் தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று சொல்லும் சாப்பாட்டுக் காட்சியை நீ எனக்குப் போட்டுக் காட்டினாய். டிராகனும் மந்திரமும் உள்ள உலகத்தில் 'நான்பைனரி' என்ற இன்றைய சொல் அப்படியே வந்து விழுகிறது. அந்த அம்மா தன் மக்களின் மொழியில் இருக்கும் பழைய சொல்லை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்க்கிறாள். அந்தப் பழைய சொல்லில் காட்சி கொஞ்சம் நின்றிருந்தால் நான் அழுதிருப்பேன். நிற்கவில்லை. மேடையில் பேசுவது போலக் கேட்டது. இப்போது ஜோயல் கதையில் வரும் லெவ் என்ற, பெண்ணாகப் பிறந்த பையனை நினைத்துப் பார். துரத்தி வருபவர்கள் அவனைப் பழைய பெண் பெயரால் கூப்பிடுகிறார்கள். ஆபிக்குக் காதில் விழுகிறது. அதைப் பற்றிக் கேட்க வேண்டுமா என்கிறான், கேட்கட்டுமா என்கிறாள், வேண்டாம் என்கிறான், அவள் விட்டுவிடுகிறாள். நாலே வரி. உலகத்தில் எந்த அம்மாவும் அந்த நாலு வரியில் ஏதோ கற்றுக்கொள்வாள். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன. ஒன்று கைகூடியது, ஒன்று கைகூடவில்லை. எது ஏன் சரியில்லை என்று நீ இப்படி எனக்கு எடுத்துச் சொன்னால் விடிய விடியக் கேட்பேன்.

அதை விட்டுவிட்டு, கனடாவின் மான்ட்ரியலில் இருக்கும் ஸ்வீட் பேபி என்ற கதை ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இருக்கும் விளையாட்டுகளைப் பட்டியல் போட்டு ஒதுக்கும் குழுவில் நீயும் சேர்ந்திருப்பதாக பாப்பா சொன்னாள். 2024 தொடக்கத்தில் லட்சக்கணக்கானோர் அதைப் பின்தொடர்ந்தார்கள் என்றும் சொன்னாள். 'ஆலன் வேக் 2' விளையாட்டில் சாகா என்ற பாத்திரத்தைக் கறுப்பினப் பெண்ணாக மாற்றியதே அவர்கள்தான் என்று வதந்தி. அதை இயக்கியவர்களில் ஒருவரே அது உண்மையில்லை என்று மறுத்தார். 2023 கேம் அவார்ட்ஸில் கதைக்கான விருதை வாங்கியது அதே விளையாட்டுதான். நீ இருக்கும் துறைதானே, கூலிக்கு ஆலோசனை சொல்ல வருபவர் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்று உனக்குத் தெரியாதா? முடிவு எடுப்பது விளையாட்டைத் தயாரிக்கும் முதலாளிதான்.

பொங்கல் முடிந்து நீ போன பிறகு நானும் பாப்பாவும் 'வெண்பா'வை விளையாடினோம். கனடாவுக்குக் குடிபோன வெண்பா என்ற தமிழ்ப் பெண்ணின் கதை, 1988இல் தொடங்குகிறது. அவள் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. முதலில் இட்லி. நோட்டில் வரி அழிந்துபோன இடத்தில், தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். பாப்பா தடுமாறினாள். நான் ரிமோட் மாதிரி இருந்த அதை வாங்கி, மேல் தட்டுக் குழி கீழ்த் தட்டுக் குழிக்கு நேராக வராமல் திருப்பி வைக்கப் பார்த்தேன், வீட்டில் வைப்பது போலவே. முப்பத்தைந்து வருஷமாக என் கை தினமும் செய்கிற ஒன்று ஒரு புதிராக யாருக்கோ தோன்றியிருக்கிறது. வெண்பா தமிழில் கேட்கிறாள், அவள் மகன் கவின் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். ஒன்றரை மணி நேரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இருந்திருந்தால் என்னால் உட்கார முடிந்திருக்காது. அதே 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும் அதற்கே கிடைத்திருக்கிறது. நீ அதை விளையாடிவிட்டுத்தான் சொன்னாயா என்று பாப்பாவைக் கேட்டேன். "இல்லம்மா, வீடியோ பார்த்தான்" என்றாள்.

நீ மூன்று வருஷமாக வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு மரமும் கவசமும் வாளும் செய்து கொடுக்கிறாய். போன தீபாவளிக்கு வந்தபோது ஆட்டம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி, உன் பெயரைக் காட்டினாய். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய், இங்கிலீஷ் எழுத்தில் 'செழியன்' என்று விரலால் தொட்டுப் படித்தேன். அதே பெயரைப் பார்த்து, அந்தக் கவசத்தை ஒரு நிமிடம்கூட உற்றுப் பார்க்காத எவனோ என்ன சொல்வான் என்று இப்போது யோசிக்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பாப்பா ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதியிருக்கிறாள், 14 பக்கம். உன்னிடம் காட்ட அவளுக்குப் பயம். நான்தான் அனுப்பச் சொன்னேன். நாளைக்கு உனக்கு வரும். மூன்றாம் பக்கத்தில் பாட்டி பேசுவது நம் ஊர்ப் பாட்டி பேச்சாக இல்லை, பாடப் புத்தகம் போல இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுசும் படித்துவிட்டு, எங்கே சரியில்லையோ அந்த வரியைக் காட்டி அவளிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவள் வீட்டில்தான் இருப்பாள்.

அன்புடன்,
அம்மா