அடுத்த முறை நிபந்தனையைக் கேட்டுவிட்டு வாக்களிப்போம்: பிரித்தானியத் தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த விடயத்தைப் பற்றி உங்களுக்கு எழுத வந்தபிறகு அதை மறைப்பது முறையல்ல.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கேள்வி வேறு உடுப்பில் திரும்பி வருகிறது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவு, தாவரப் பொருட்கள் விடயத்தில் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் ஓர் உடன்பாட்டை நோக்கிப் போவதாக இரண்டு தரப்பும் அறிவித்தன. வெளிநாட்டுப் பொருட்களுக்கு ஒரே சுங்க வரி வைக்கும் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் சேரலாம் என்கிறார்கள் சிலர். முழுதாகவே திரும்பிப் போகலாம் என்கிறார்கள் வேறு சிலர். 2029க்குள் பொதுத் தேர்தல் வரும். நம் வாசலுக்கும் வாக்குக் கேட்டு வருவார்கள்.

நான் ஏன் அப்படி வாக்களித்தேன் என்பதைச் சொல்கிறேன். 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. கூடவே பாவற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு. பழ ஈ இருந்தது காரணம். பூச்சி இருந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மே மாதம் மாம்பழப் பெட்டி இல்லாத தமிழ்க் கடை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்வாசலில் பெட்டிகளை அடுக்கும் இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினேன். சர்க்கரை வியாதிக்காரரான ஒரு வயதான ஐயா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, "தம்பி, பாகல் வந்ததோ?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போவார். பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்தத் தடையை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். குரல் கொடுக்கத்தான் முடிந்தது, முடிவு ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்சில் இருந்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. மரக்கறிகளுக்கு இன்னும் நாளானது. அந்த ஐயாவின் முகம்தான் வாக்குச்சாவடியில் என் கண்ணுக்குள் நின்றது.

இரண்டாவது காரணம் விசா. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் ஊரிலிருந்து ஒரு நல்ல சமையற்காரரை எடுக்க முடியாமல் திண்டாடினார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரால் அப்போது விசா இல்லாமலே வந்து வேலை செய்ய முடிந்தது. நமக்கு மட்டும் ஏன் இந்த வாசல் இவ்வளவு ஒடுக்கம் என்ற கேள்வி நியாயமானது. வெளியேறினால் தெற்காசியச் சமையற்காரர்களுக்கு வழி திறக்கும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் பிரசாரம் செய்தார்கள். நாங்கள் நம்பினோம்.

மூன்றாவது, ஒரு நாடு தன் சட்டத்தைத் தானே எழுத வேண்டும் என்பது. இதை நமக்கு யாரும் வகுப்பெடுத்து விளக்கத் தேவையில்லை. தங்களுக்குரிய முடிவைத் தாங்களே எடுக்க வேண்டும் என்று ஒரு மக்கள் கேட்டால், அதைக் கேலி செய்ய எனக்கு இன்றும் மனம் வராது. வெளியேற வாக்களித்த 1 கோடியே 74 இலட்சம் பேரையும் இனவெறியர்கள் என்று சொல்வது அநியாயம்.

சரி, இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். என் மனைவியின் அக்கா, என் மச்சாள், 90களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் தஞ்சம் கேட்டு, அங்கேயே குடியுரிமை பெற்றவர். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2004இல் குடும்பத்தோடு லண்டனில் ஹரோவுக்கு வந்தார். ஜேர்மனி, டென்மார்க், பிரான்ஸ் என்று எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அப்படி இங்கே வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 2016இல் என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட உரிமையும்தான். பொதுநலவாய நாட்டவன் என்பதால் எனக்கு வாக்கு இருந்தது. பன்னிரண்டு வருடம் இங்கே வேலை செய்து வரி கட்டிய மச்சாளுக்கு, கையில் இருந்தது நெதர்லாந்துக் கடவுச்சீட்டு என்பதால், வாக்கு இல்லை. அவருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது, அவருக்கு இருக்கவில்லை. அன்று இரவு நான் அதை யோசிக்கவே இல்லை. பாகற்காய்தான் நினைவில் இருந்தது.

வெளியேறிய பிறகு, இங்கே வாழும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் விண்ணப்பிக்க 2021 ஜூன் 30 கடைசி நாள். அதற்குள் விண்ணப்பித்தால்தான் இங்கே தொடர்ந்து இருக்கும் உரிமை. மச்சாள் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைமேல் கடவுச்சீட்டை வைத்து, தொலைபேசியால் படம் பிடித்தார். வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று செயலி திருப்பித் திருப்பி மறுத்தது. நாலாம் முறை கை நடுங்கியது. "திரும்பவும் அகதிப் பதிவு மாதிரி இருக்குது" என்று மட்டும் சொன்னார். உரிமை கிடைத்தது. ஆனால் கையில் வைத்துக் காட்ட ஒரு அட்டைகூடத் தரவில்லை, எல்லாம் இணையத்தில்தான். அவர் இன்றுவரை அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறார்.

வியாபாரத்துக்கு வந்தாலும் கதை அப்படித்தான். நெதர்லாந்து மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து உறைந்த மீன், இறால், பால் பொருட்கள் என்று கலந்து எடுப்பேன். 2024 ஏப்ரல் 30 முதல் டோவர் துறைமுகம் வழியாகவோ கடலடிச் சுரங்கப் பாதை வழியாகவோ வரும் இத்தகைய பொருட்களுக்கு வகைக்கு 10 அல்லது 29 பவுண் கட்டணம். ஓர் அனுப்புதலுக்கு உச்சம் 145 பவுண். அதற்கு மேல் விலங்கு வைத்தியரின் சான்றிதழ். லொறி நிறைய ஒரே வகைப் பாற்கட்டி கொண்டுவரும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு இது ஒரு வகைக் கணக்கு. ஐந்து வகையில் அவ்வைந்து பெட்டி எடுக்கும் எனக்கு ஐந்து வகைக் கணக்கு. இந்த வெளியேற்றத்தால், அதாவது பிரெக்சிற்றால், நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்று அரசின் வரவுசெலவுக் கணிப்பு அலுவலகமே சொல்கிறது. அந்த 4 விழுக்காடு எனக்கு முதலில் புரியவில்லை. விலைச்சீட்டைக் கையில் பிடித்தபோது புரிந்தது.

விசா வாக்குறுதி என்ன ஆனது? தாதியருக்கும் பராமரிப்பு வேலைக்கும் வழி திறந்தது உண்மை. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்களை இன்று எந்த வைத்தியசாலையிலும் பார்க்கலாம். ஆனால் திறமையான தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 38,700 பவுணாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுணாகவும் ஏறியது. அந்தச் சம்பளம் கொடுத்துக் கொத்துறொட்டி விற்க யாரால் முடியும்?

ஐரிஷ் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் இடையில் சோதனைச் சாவடி வரக்கூடாது என்பதற்காக வெளியேறும் பேச்சு எத்தனை வருடம் இழுபட்டது என்று இங்கே பலர் அலுத்துக்கொண்டார்கள். இலங்கையில் போர்க்கால ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான் மூட்டையை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான். அந்த மக்கள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. வாக்களிக்கும் முன்னர் அவர்களை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இரண்டு பக்கமும் நம்மிடம் நேர்மையாக நடக்கவில்லை. வாரம் 35 கோடி பவுண் ஐரோப்பாவுக்குப் போகிறது என்று பேருந்தில் எழுதினார்கள். பிரதமர் தாட்சர் காலத்தில் பிரித்தானியா தன் பங்குப் பணத்தில் வாங்கிய தள்ளுபடியை அதில் கழிக்கவே இல்லை. மறுபக்கம், வெளியேற வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று நிதியமைச்சே பயமுறுத்தியது. 2016இல் அப்படி நடக்கவில்லை. அதனால்தான் பிறகு வந்த உண்மையான எச்சரிக்கைகளையும் யாரும் காதில் வாங்கவில்லை. வாக்குச்சீட்டில் இருந்தது "இருப்பதா, வெளியேறுவதா" என்ற ஒரே கேள்விதான். எப்படி வெளியேறுவது, எந்தச் சந்தையில் இருப்பது, யாருக்கு எந்த உரிமை என்பது எதுவும் அதில் இல்லை. வீடு வாங்கும்போது உறுதிப் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைப்போமா? நாங்கள் வைத்தோம்.

திரும்பிச் சேர்வதும் அப்படியே நடந்துவிடுமோ என்பதுதான் என் பயம். பழைய இடம் நமக்காகக் காலியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. யூரோ நாணயத்திலிருந்து விலக்கு, நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலிருந்து விலக்கு, தாட்சரின் தள்ளுபடி எல்லாம் வெளியேறிய அன்றே போய்விட்டன. புதிதாகச் சேர ஒவ்வொரு உறுப்பு நாடும் சம்மதிக்க வேண்டும். சுங்க ஒன்றியம் மட்டும் போதும் என்கிறவர்களிடம் துருக்கியைப் பற்றிக் கேளுங்கள். ஐரோப்பா வேறு நாட்டோடு ஒப்பந்தம் செய்தால், துருக்கி தன் சந்தையை அந்த நாட்டுக்குத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் அதற்குக் கதிரை இல்லை. 2025 ஜூலை 24இல் இந்தியாவோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் வெளியே இருந்ததால் வந்தது. உள்ளே போனால் அது என்ன ஆகும்?

இன்னொன்று, இது நம் கடைகளைத் தொடுவது. வெளியேறிய பிறகு கறிவேப்பிலை, மாம்பழம் முதலான சிலவற்றுக்கு, பூச்சியும் நோயும் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் தேவையில்லை என்று பிரித்தானியா தளர்த்தியது. ஐரோப்பிய விதிகளுக்கு மறுபடி பொருந்தும்போது அந்தத் தளர்வு நிற்குமா, போகுமா? டோவரில் என் மீனுக்கு அந்த 29 பவுண் ஒழியும் என்றால் நான் மகிழ்வேன். அதற்கு விலையாகக் கறிவேப்பிலைக் கட்டு ஹீத்ரோ விமான நிலையத்தில் நிற்கும் என்றால், அதை இப்போதே சொல்லட்டும்.

இன்று கேட்டால் நெருங்கிப் போவதையே விரும்புகிறேன். ஆனால் 2016இல் போட்டது போல வெற்றுத் தாளில் புள்ளடி போட மாட்டேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். கோயில் திருவிழாவுக்கும் தமிழ்ப் பள்ளி விழாவுக்கும் சால்வை வாங்க வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், எந்த நிபந்தனையில் சேர்வீர்கள் அல்லது சேராமல் இருப்பீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். சிறு இறக்குமதியாளருக்கு என்ன வரும் என்று கேளுங்கள். இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் இங்கே வாழும் ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் வாக்கு உண்டா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை நானே கேட்பதாக மச்சாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னோடு வருவார்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு கடைக்காரர்