வெள்ளைக்கல் கழிவை அளக்கக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

சேலம் நகருக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் இடையே வெள்ளைக்கல் வெட்டும்போது ஒதுக்கிக் கொட்டப்படும் டூனைட் என்ற ஆலிவின் கனிமம் மிகுந்த பாறை, கரியமில வாயுவைக் கல்லாக்கிப் பிடித்து வைக்குமா என்று பார்க்கும் ஆய்வின் முதல் கட்டம் முடிந்திருக்கிறது. யாருடைய உதவி எந்தப் பிழையைத் தடுத்தது என்று சொன்னால்தான் எங்கள் நன்றி முழுமையாகும்.

வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட்டே கரியமில வாயு உறைந்த கல்தான். ஒரு டன்னைச் சூளையில் சுட்டால், எரிபொருள் புகை நீங்கலாக, 520 கிலோ வாயு வெளியேறும். அதே குழியில் ஒதுக்கப்படும் டூனைட்டில் உள்ள ஆலிவின், மெக்னீசியம் மிகுந்த தூய வடிவில் முழுதும் வினைபுரிந்தால் டன்னுக்கு 625 கிலோ வரை பிடிக்கும். ஆலிவின் நீரேறி செர்பென்டைன் என்ற கனிமமாக மாறிய பகுதி டன்னுக்கு 475 கிலோ வரை பிடிக்கும். காகிதக் கணக்கு இது. களத்தில் கழிவுக்குள்ளேயே மயிரிழை போல வெள்ளைக்கல் ஓடுகிறது. பழைய கார்பனைப் புதியது என்று எண்ணிவிட்டால் ஆய்வே பொய்யாகும்.

அதனால் முதல் நன்றி சுரங்கத் தொழிலாளர்களுக்கு. எந்தக் குவியல் எந்த மட்டத்திலிருந்து, எந்தக் காலத்தில் கொட்டியது என்று அவர்கள் அடையாளம் காட்டினார்கள். மேற்பரப்பு, 30 செ.மீ., 60 செ.மீ. என மூன்று ஆழத்தில் மாதிரி எடுக்கக் குழி வெட்டித் தந்தார்கள். வெள்ளை இழையைப் பொறுக்க அவர்கள் கண்தான் உதவியது. களத்தில் அமிலச் சொட்டு விட்டு அதை எளிதில் அடையாளம் காண முடியாது: குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் மேக்னசைட் பொங்காது, சூடாக்கினால்தான் பொங்கும்.

அரவைப் பட்டறைத் தோழர்களுக்கு அடுத்த நன்றி. செர்பென்டைனில் கிரைசோடைல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். எக்ஸ்ரே சோதனையும் நுண்ணோக்கிச் சோதனையும் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகும் தண்ணீர் ஊற்றியே 75 மைக்ரானுக்குக் கீழே அரைத்தார்கள். எஃகு உருண்டையிலிருந்து குரோமியம் கலக்கும் என்பதால், உலோகச் சோதனைக்கான பொடியைத் தனியாக சிர்கோனியா என்ற பீங்கான் வகை உருண்டையில் அரைத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வக உதவியாளர்களிடம் பட்ட கடன் பெரிது. பொடியைச் சூடாக்கி எடை இழப்பைப் பார்க்கும் கருவியில் மேக்னசைட் வாயுவை இழப்பதும் செர்பென்டைன் நீரை இழப்பதும் 600 டிகிரியை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று விழும். எடை வரைபடத்தை மட்டும் நம்பினால் நீரையெல்லாம் கார்பனாக எண்ணிவிடுவோம். ஒவ்வொரு மாதிரியையும் சூடான அமிலத்தில் கரைத்து, வெளிவந்த வாயுவை நேரடியாக அளந்தவர்கள் அவர்கள்தான். 105 டிகிரியில் உலர்த்தக் கூடாது, நீரேறிய கார்பனேட்டுகள் (கரியமில வாயுவைப் பிடித்து வைத்த கனிமங்கள்) உருமாறிவிடும், 40 டிகிரி போதும் என்று முதலில் தடுத்ததும் அவர்களே. காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 பற்றிய எச்சரிக்கையும் பயன்பட்டது: இன்றைய காற்றிலிருந்து படிந்த கார்பனேட்டை அது காட்டிக் கொடுக்கும், ஆனால் அழுத்தக் கலன் சோதனைகளில் செலுத்தும், புதைபடிவ எரிபொருள் வழி வந்த சிலிண்டர் வாயுவில் கார்பன்-14 இருக்காது என்பதால் அங்கே செல்லாது. அந்தச் சோதனைகளுக்கு முன்னும் பின்னும் கார்பன் அளந்து கழிப்பதுதான் வழி.

அழுத்தக் கலனை இயக்கியவருக்கும் நன்றி. ஆலிவினுக்கு 185 டிகிரி, 150 வளிமண்டல அழுத்தம், சோடியம் பைகார்பனேட்டும் உப்பும் கலந்த நீர் என்பது பலரும் சோதித்த நிலை. துகளின் மேல் சிலிக்கா படிந்து வினையை நிறுத்தாதிருக்கக் கலக்கியின் வேகத்தைக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டார். வாயுவைச் சட்டெனத் திறந்தால் அது உலர்பனியாக உறைந்து வால்வு அடைக்கும் என்பதால், கலன் ஆறும்வரை காத்திருந்து மெல்ல மெல்லத் திறந்தார்.

கிணற்று நீர் கொடுத்த வீட்டாரை மறக்க மாட்டோம். டூனைட்டில் நிக்கலும் குரோமியமும் உண்டு. கார்பன் பிடிக்கிறோம் என்று கழிவை நனைத்து அவற்றை நிலத்தடிக்கு இறக்கிவிடக் கூடாது. குடிநீரில் நிக்கல் லிட்டருக்கு 0.02 மி.கி., குரோமியம் 0.05 மி.கி. என்பது இந்தியத் தர வரம்பு. மழைக்கு முன்னும் பின்னும் எங்களைக் கிணற்றடிக்கு விட்டீர்கள். உங்கள் கிணற்றின் அளவுகளைத் தமிழில் எழுதி வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறோம். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

மீந்த பொடி, குவியலும் ஆழமும் குறித்து, காற்றுப் புகாத உறைகளில் இருக்கிறது. அடுத்து இதில் இறங்கும் மாணவர்கள் கேட்டால் கொடுப்போம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்