நூல்நிலையக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் அளித்த நூல்நிலையக் கட்டடத் திருப்பணி முழுமையாக நிறைவடைந்தது என்பதைத் திருப்பணிக் குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், ஒழுகிக்கொண்டிருந்த முற்றத்துக் கூரை, பழைய மின்கம்பிகள், குண்டும் குழியுமாகக் கிடந்த நுழைவுப் பாதை ஆகிய நான்கும் மாற்றப்பட்டுள்ளன. நான்கிலும் பிளாஸ்டிக்குக்குப் பெரும்பங்கு உண்டு. "எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக்கினால் தாங்குமா?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று குணம் மாறுபட்ட பல பொருள்கள் அடங்கியிருப்பதால், எந்த இடத்துக்கு எதை, ஏன் தேர்ந்தோம், எப்படிப் பொருத்தினோம் என்பதை விவரமாகச் சொல்வதே அக்கேள்விக்கு உரிய மறுமொழி என்று குழு கருதுகிறது.

மண்ணுக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய்க்கு எச்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனைத் தேர்ந்தோம். 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எதிர்பாராமல் கிடைத்த பாலிஎத்திலீனை மிக உயர்ந்த அழுத்தத்தில்தான் தயாரிக்க முடிந்தது. 1953-இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் சீக்லர் கண்டறிந்த வினையூக்கிதான், குறைந்த அழுத்தத்திலேயே, கிளைகள் குறைந்த மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இந்த உறுதியான வகைக்கு வழி திறந்தது. இது துருப்பிடிக்காது; மண் சற்று இறங்கினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். இதை ஒட்டுவதற்குப் பசை உதவாது. இரண்டு குழாய்களின் முனைகளையும் சீவிச் சமப்படுத்தி, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய தட்டின் இருபுறமும் அழுத்திப் பிடித்து, முனைகள் இளகியதும் தட்டை விலக்கி ஒன்றோடொன்று சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது சுற்றிலும் இரட்டை வளையம் போல ஒரு விளிம்பு பிதுங்கும். அந்த விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே பள்ளத்தை மூடச் சொன்னோம். கட்டடத்துக்குள் ஓடுவது வழக்கமான பி.வி.சி. குழாய், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை.

முற்றத்துக் கூரைதான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வெளிச்சம் வேண்டும், ஆனால் கண்ணாடியின் எடையைப் பழைய சட்டங்கள் தாங்கா என்பதால், உள்ளே அறை அறையாகக் குழல்கள் கொண்ட, ஒளி புகும் இலேசான பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் ஷீட்டைத் தேர்ந்தோம். இதன் ஒரு பக்கத்தில் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய அடுக்கு உண்டு. அந்தப் பக்கம் வெயிலைப் பார்க்காவிட்டால் சில ஆண்டுகளில் ஷீட் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். குழல்கள் சரிவின் போக்கிலேயே அமைய வேண்டும். இல்லையென்றால் உள்ளே கசியும் ஈரம் வடியாமல் பாசி பிடிக்கும். இவ்விரண்டிலும் கவனமாக இருந்த நாங்கள் மூன்றாவதில் தவறினோம். முதல் வரிசையில் பணியாளர்கள் துளைகளை ஸ்குரூவின் அளவுக்கே போட்டு இறுக்கிவிட்டார்கள். மேற்பார்த்த நாங்களும் அதைச் சரியென்றே எண்ணினோம். முதல் உச்சிவெயிலில் கூரையிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. ஷீட்டுகள் நடுவில் புடைத்து நின்றன. பாலிகார்பனேட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.065 மில்லிமீட்டர் நீளும். நான்கு மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் நீள வேண்டும். அதற்கு இடமே விடப்படவில்லை. அந்த வரிசை முழுவதையும் கழற்றி, துளைகளை அகலப்படுத்தி, ஷீட் நகர இடம் விட்டு மீண்டும் பொருத்தினோம். கழற்றியபோது, போடப்பட்டிருந்தவை மென்மையான பி.வி.சி. வாஷர்கள் என்பதும் தெரிந்தது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் நெகிழ்வூட்டி அவற்றிலிருந்து கசிந்து பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும் என்பதால், எல்லாவற்றையும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வாஷர்களாக மாற்றினோம். பணி தாமதமானதற்கு இதுவே காரணம், பொறுப்பு குழுவினுடையது.

மின்கம்பிகளைப் பொறுத்தவரை, நூல்கள் இருக்கும் இடம் என்பதே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதனால் அது எளிதில் தீப்பற்றாது. ஆனால் தீயில் சிக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அந்த அமிலப் புகை மூச்சை அடைப்பதோடு, தீ தொடாத அலமாரியில் உள்ள தாள்களையும் கெடுக்கும். ஆகவே, குளோரின் போன்ற ஹாலஜன்கள் இல்லாத, புகை குறைவாக எழுப்பும் உறை கொண்ட கம்பிகளையே நூல்நிலையம் முழுவதும் இழுத்திருக்கிறோம்.

நுழைவுப் பாதை நீங்கள் சேர்த்துக் கொடுத்த பைகளாலும் உறைகளாலும் ஆனது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏறக்குறைய 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும். பிறகு தார் சேர்க்கப்படும். படலம் கல்லுக்குள் நீர் புகாமல் தடுக்கிறது, தாரையும் நன்றாகப் பற்றிக்கொள்கிறது. மழை நீர் தேங்கும் அந்த வளைவில் இனிப் பள்ளம் விழாது என்று எதிர்பார்க்கிறோம். நீங்கள் கொடுத்தவற்றில் பி.வி.சி. கலந்திருந்த பொருள்களை, மேலே சொன்ன அதே வாயுவின் காரணமாக, ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்கினோம். மூன்று மாலைகள் தரையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்த இளைய உறுப்பினர்களுக்குக் குழு நன்றி கூறுகிறது.

முன்வாயில் உத்தரத்தில் இரும்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை பிளாஸ்டிக் கம்பி போடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்கவில்லை. அது துருப்பிடிக்காது, இழுவிசையையும் நன்கு தாங்கும். ஆனால் அதன் விறைப்பு இரும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதே அளவு கம்பி இட்டால் உத்தரம் கூடுதலாகத் தொய்யும்; வேலையிடத்தில் அதை வளைக்கவும் இயலாது.

கூரையைத் துடைக்க மிதமான சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும்; தின்னர், அசிட்டோன் கண்டிப்பாகக் கூடாது. மீதமான இரண்டு ஷீட்டுகள் வெயில் படாத இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. குழாய் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம், பொருள்களின் தர விவரங்கள், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு ஆகியவை உறுப்பினர்களின் பார்வைக்காக அலுவலகத்தில் உள்ளன.

இவண்,
திருப்பணிக் குழு